தாளில் செத்தவள்

சீமைப் பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது என்பதற்காக நவமணி மூலையில் உட்கார்ந்து அழவில்லை. இந்த வருஷம் இடமில்லை, உன்னைப் பற்றிய கட்டுரையைத் திருத்தி அடுத்த வருஷம் மறுபடியும் அனுப்பலாம் என்றுதானே எழுதியிருந்தார்கள்? திருத்தினால் போச்சு என்று இருந்தாள். மண்ணரிப்பைப் பற்றி மேல்படிப்புப் படித்தே தீருவது என்பது அவள் பிடிவாதம். உதவித்தொகையும் தந்து அதைச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

போன வருஷம் அவள் கையால் எழுதிய கட்டுரையை எஸ்டேட் ஆபீஸ் கிராணி சிங்காரம்தான் டைப் அடித்து அனுப்பினார். கெடு நெருங்கிவிட்டது, அவளுக்கோ ஈப்போவில் தற்காலிக வாத்தியார் வேலை. வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். படித்த பெண் செய்கிற காரியமா இது? ஆனால் சிங்காரத்தை நம்பாமல் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேறு யாரை நம்புவது? லீவோ, லயத்து வீட்டுக்கூரை ஒழுகுகிற புகாரோ, எதுவானாலும் அவர் மெஷினில் ஏறித்தான் துரை மேஜைக்குப் போக வேண்டும்.

எண்பத்தொன்றாம் வருஷக் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு வந்தவள், நேராக ஆபீசுக்குப் போய்க் கார்பன் நகலைக் கேட்டாள். எதைத் திருத்துவது என்று தெரிய வேண்டாமா?

மலைச்சரிவு மண் மழைக்கு மழை கரைந்து கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு வரைக்கும் இறங்குவதை அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அதில் ஒரு வரிகூட நகலில் இல்லை. ‘மேன்மை தங்கிய ஐயா’ என்று தொடங்கியது. அடுத்த பத்தியில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘என்னைப் பெற்றெடுக்கும்போதே என் தாய் வேலம்மா இறந்துவிட்டார். பிறகு தகப்பனையும் இழந்த இந்த அநாதைக்குத் தாங்கள்தான்...’

அப்பா போனது உண்மை. ஆனால் அம்மா? சன்னல் வழியே பார்த்தால், எதிர்ச்சரிவில் கூடையைச் சுமந்துகொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நவமணி வாய்க்கு வந்தபடி சிங்காரத்தைப் பிடித்து ஏசினாள்.

“நானா எழுதல பாப்பா. ஒங்கம்மாதான் வந்து, அப்பிடி அடிக்கச் சொன்னிச்சு.”

சிங்காரம் மெல்ல ஒரு புத்தியும் சொன்னார். பழைய தாளை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். செத்தவளை இப்போது எழுப்பினால், பொய்க்காரி என்று மனுவையே தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவதில்லையா, ஒரே ஒரு பொய், அது பாட்டுக்கு இருக்கட்டும், மண் சமாச்சாரத்தை மட்டும் சேர்த்துக்கொள் என்றார். சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

சாயங்காலம் வேலம்மா லயத்துக்கு வந்து, கூடையை இறக்கி, காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைக்கும்வரை நவமணி பொறுத்திருந்தாள். அப்புறம் தாளை நீட்டிக் கேட்டாள். அம்மா திடுக்கிடுவாள் என்று நினைத்தாள். அவளோ, அதுக்கென்ன என்பதுபோல் பார்த்தாள்.

இந்தத் தோட்டத்தில் நல்ல காரியத்துக்கு எந்தத் துரை லீவு கொடுத்தான்? கல்யாணம் என்றால் வேலை முடியட்டும் என்பான். சாவு என்றால் மட்டும் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவான். வெள்ளைக்காரன் எங்கே இருந்தாலும் ஒன்றுதானே. அதனால்தான் கிராணியிடம் போய்த் தன்னைச் சாகடிக்கச் சொன்னாளாம்.

“எப்பிடி செத்தேன்னு போடறதுன்னு கிராணி கேட்டாரு. ஒன்னப் பெத்தப்ப நெனவில்லாம கெடந்தேன்ல, அதையே போடுங்கன்னேன். முழுப் பொய்யா இருக்கக்கூடாதுல்ல?”

நவமணி தாளை மறுபடி பார்த்தாள். பிறந்த அன்றைக்கே இவள் போய்விட்டாள் என்றால், மழையில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது யார்? காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தது யார்? அத்தனையையும் அழித்துவிட்டு, இவள் எப்படி உப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டின.

“நான் செத்தும் குடுக்கலியா அவங்க?” என்று கேட்டாள் வேலம்மா. நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தாள்.

கிராணி சொன்ன ஆபத்தை நவமணி சொன்னாள். வேலம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அப்ப நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்லா. நான் இருக்கேன்னு ஒனக்குத் தெரியும்ல?”

நவமணி புதுத்தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதினாள். அம்மா என்ன என்ன என்று நச்சரித்ததும், முதல் வரிகளைத் தமிழில் சொன்னாள்: போன வருஷம் அனுப்பிய தாளில் என் தாய் இறந்துவிட்டதாக இருந்தது, அது பொய், அவர் பெயர் வேலம்மா, உயிரோடு இருக்கிறார், அவர்தான் என்னை வளர்த்தார்.

“போச்சு, எல்லாம் போச்சு” என்று வேலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தன் சாவை எழுதச் சொல்லிவிட்டு வந்த அன்று கண் கலங்காதவள், உயிரோடு இருப்பதாக எழுதியதைக் கேட்டதும் தேம்பித் தேம்பி அழுதாள்.