டைக்ரிஸ் கரையில் ஒரு கிராதி

1

இந்தக் கதையை நான் ரொட்டிக்கடை வரிசையில் திருடினேன். எனக்கு முன்னால் நின்ற தையல்காரி சபீஹா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "மாடியில நின்னா நதி தெரியுது. தொடணும்னா வீட்டுக் குழாயத்தான் தொறக்கணும்."

சண்டைக் காலத்தில் கரையை மறைத்து நிறுத்திய கான்கிரீட் சுவர், சண்டை முடிந்தும் நகரவில்லை. பாக்தாத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு டைக்ரிஸ் வெறும் காட்சிப்பொருள். ரொட்டி ஆறுமுன் கதை கிடைத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "தொன்மையான டைக்ரிஸ், நாகரிகங்களின் தாய், இன்று..."

(அடித்துவிட்டேன். தாய் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.)

இரண்டாவது: கட்டடக் கலைஞர் ஷதா அந்தச் சுவரில் ஒரு வாசல் அளவு இடைவெளி கேட்டு வாங்கினாள்.

இது உருப்படும். அங்கிருந்து தண்ணீர்வரை செங்கல் படிகள் இறக்கினாள். மேலே ஈச்சம்பாய் நிழல், உட்கார ஒரு நீள மேடை, அவ்வளவுதான். கித்ர் இலியாஸ் திருநாள் மாலைக்குள் திறந்தாக வேண்டும் என்று தெருவே அவளைப் பிடுங்கியெடுத்தது. அன்றைக்குப் பெண்கள் ஈச்சமட்டையில் மெழுகுவர்த்தி ஏற்றி நதியில் விடுவார்கள். கண்மறையும்வரை சுடர் அணையாவிட்டால் வேண்டியது நடக்கும். மேலிருந்து போட்டால் அணைந்துவிடும். குனிந்து கையால்தான் வைக்க வேண்டும்.

3

மாநகராட்சிப் பொறியாளர் குதைபா வந்து பார்த்தார்.

"கடைசிப் படியில கிராதி வைங்க. இல்லன்னா சுவர மறுபடி அடைச்சிடுவேன்."

"கிராதி வச்சா தண்ணிய எப்படி சார் தொடுறது?"

"பாக்கட்டும். பாக்க வேணாம்னு நானா சொன்னேன்?"

இவருக்கு நதியில் மூழ்கிய ஒரு தம்பியை எழுதிவைத்திருந்தேன். பிறகு தம்பியைக் கரையேற்றி, தலை துவட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். (அதிகாரி என்றால் ஒரு சோகம் வைத்தே தீர வேண்டுமா? குதைபாவுக்கு வேண்டியதெல்லாம், நாளைக்கு யாரும் தன்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்காமல் இருப்பது.)

ஷதா கிராதி வைத்தாள். கதவுபோலத் திறக்கக் கீல் போட்டு வைத்தாள். குதைபா இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தார்; அசையவில்லை. தாழ்ப்பாள் நதிப்பக்கம் இருந்ததை அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"இப்பதான் இன்ஜினியரம்மா சரி," என்று திருப்தியாகப் போனார்.

4

நதி வந்தால் ஒரு குழந்தையாவது மூழ்கியாக வேண்டும் என்பது எங்களைப் போன்ற கதைக்காரர்களின் கெட்ட பழக்கம். இந்தக் கதையில் ஒருவரும் மூழ்க மாட்டார்கள். எழுதுவது நான்.*

* ஷதா என்னை நம்பவில்லை. நீருக்குள்ளும் முழங்கால் ஆழத்தில் ஓர் அகலத் தளம் கட்டியிருந்தாள்.

5

அந்தி வானம் செம்மஞ்சளாக... (வேண்டாம். வானம் வானமாக இருந்தது.)

ஷதா தாழ்ப்பாளை விலக்கினாள். பெண்கள் இறங்கினார்கள். தண்ணீரில் கைவைத்ததும் சபீஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. "குளுருதுடி," என்று சமாளித்தாள். ஷதாவுக்கு இத்தனை வருஷப் படிப்பும் அந்தப் பொய்யைக் கேட்கத்தான் என்று தோன்றியது.

அப்போது குதைபா வந்தார்.

"யாரு தொறந்தது?"

"நாந்தான்," என்றாள் ஷதா.

"நாளைக்கே சுவர் எழும்பும், பாத்துக்கங்க. எல்லாரும் மேல ஏறுங்க, இத சாத்தணும்!"

"ஏறுறோம் கண்ணு, நீ கத்துற கத்துல திரி அணைஞ்சிரப்போவுது," என்றாள் சபீஹா. எரியும் மெழுகுவர்த்தியை மட்டையோடு அவர் கையில் திணித்தாள். "செத்த புடி. செருப்ப எடுத்துட்டு வந்துடுறேன்."

காற்று வீசியது. அவர் கை தானாகச் சுடரை மறைத்தது.

"என்னம்மா வேண்டுதல்?"

"சொல்லக் கூடாது. சொன்னா பலிக்காது."

6

(முடிவு ஒன்று: குதைபா மண்டியிட்டு அதை மிதக்கவிடுகிறார். பாகு ஒழுகுகிறது. முடிவு இரண்டு: காலையில் கான்கிரீட் லாரி. அதை எழுத நான் எதற்கு? இந்த ஊரில் அது தானாகவே நடக்கும்.)

குதைபா இன்னும் அப்படியே நிற்கிறார். ஒரு கையில் மட்டை, மறு கை சுடருக்கு மறைப்பு. கிராதியைச் சாத்த ஒரு கையாவது வேண்டும். சபீஹா செருப்பைத் தேடப் போகவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாத்த வேண்டுமென்றால் முதலில் ஊதி அணைக்க வேண்டும். ஒரு வரியில் எழுதிவிடலாம், நான் மாட்டேன். அணைத்தே தீர வேண்டும் என்று நினைக்கிற வாசகர், அவள் கண்ணெதிரே வந்து, தானே ஊதிக்கொள்ளட்டும்.