வடிவம்மாள் கையெழுத்துப் போட்ட பிறகு

1

மாவு வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. என் வீடு வலியசாலையில். ஆரியசாலைச் சந்தில் வடிவம்மாள் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அன்றைக்குக் கிரைண்டரைவிடச் சத்தமாக அவர் கத்திக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் எழுத மாட்டீங்களா சாரே?" என்றார். எழுதுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடைமழை கொட்டிய அந்த மாலையில், கணவனை இழந்த அந்த ஏழைத் தாய் நடுங்கும் விரல்களால்—"

சீ! மழையும் இல்லை, மாலையும் இல்லை. அக்கிரமம் நடந்தது பட்டப்பகலில்.

2

கட்டடம் ஞானசிகாமணியுடையது. காலி செய்யச் சொல்வதென்றால் ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும், வடிவம்மாளுக்குப் பிறகு கடையை மகள் அஜிதா நடத்தலாம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். [எந்த ஊர் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் இனி இந்தக் கதையில் வரமாட்டார். கடைப்பக்கமும் வரவில்லை.]

ஆனி மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. கம்பெனி ஆள் ராகேஷ் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நெற்றியில் சந்தனத்தோடு தாம்பூலத் தட்டை நீட்டினான். வெற்றிலை, பழம், கோயில் பிரசாதம். நடுவில் மலையாளத்தில் அச்சடித்த தாள்.

"முதலாளி மாறிட்டாருல்லே சேச்சி, அதுக்கு ஒரு சின்ன அப்டேட். அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. சாயங்காலம் மக வந்து வாசிக்கட்டும். பொறவு போடுதேன்."

ராகேஷ் கடிகாரத்தைப் பார்த்தான். "இப்ப ராகுகாலம் தொடங்கும் கேட்டோ. அது கழிஞ்சா ஆபீஸ்ல ஆளில்ல. நாளைக்குக் கர்க்கடகம், உங்களுக்கு ஆடி. ஒரு மாசம் நல்ல காரியம் செய்வீங்களா?"

வடிவம்மாள் தட்டைப் பார்த்தார். புது முதலாளியோடு ஆடியிலா தொடங்குவது? தாம்பூலம் நீட்டியிருக்கும்போது சந்தேகம் கேட்பதே அபசகுனம். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவசர அவசரமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அஜிதா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் செத்துப்போனது. கம்பெனி எப்போது சொன்னாலும் கடையைக் காலி செய்ய வேண்டும். அஜிதாவின் பெயர் எங்குமே இல்லை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ராகேஷுக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. அதே ராகுகாலத்தில் கிறிஸ்தவரான பக்கத்துக் கடை ரெனிக்கு கேக் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். யாரை எதை வைத்துக் கவிழ்க்கலாம் என்று படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான், படுபாவி.)

3

வக்கீல் மீரா இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கட்டடம் யாரு வாங்கினாலும் பழைய எக்ரிமெண்ட் கூடவே வரும் அம்மா. அத மாத்தணும்னா உங்க சம்மதம் வேணும். நீங்க ஒண்ணுலயும் ஒப்பு போட்டிருக்க வேண்டாம்."

"அப்ப நான் சும்மா இருந்திருந்தாலே போதுமா?"

"போதும்."

வடிவம்மாள் புதுத் தாளை மேசையில் விட்டெறிந்தார். "பிள்ளையார் பிரசாதத்த வச்சுல்லா ஏமாத்திருக்கான்! வெளங்குவானா அவன்?"

திங்கட்கிழமை காலையில் கடையைப் பூட்டப்போவதாகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே கோர்ட்டில் தடை கேட்பதாக மீரா சொன்னார். "ஆர்டர் வர்றது வரை பூட்ட விடாதீங்க. ஆளுங்க கூட நிக்கட்டும்."

4

இரண்டு முடிவு எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

முடிவு அ: நீதிபதி மேசையைத் தட்டுகிறார், வடிவம்மாள் அழுகிறார்—

முடிவு ஆ: அஜிதா வேறு தெருவில் புதுக்கடை திறக்கிறாள், விதவைத் தாய் விளக்கேற்ற—

"நிறுத்துங்க," என்றார் வடிவம்மாள். "யாரு விதவை? எம் வீட்டுக்காரரு அந்தா உளுந்து கழுவிட்டு இருக்காரு. அவர எதுக்குக் கொன்னீங்க?"

சொரிமுத்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உளுந்தில் குனிந்துகொண்டார்.

"கதைக்குக் கொஞ்சம் உருக்கம் வேணும்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அவன் தாளைத்தான் மாத்துனான். நீங்க தாலியையே அறுத்துட்டீங்களே சாரே!"

சொரிமுத்துவை அங்கேயே பிழைக்க வைத்தேன். இரண்டு முடிவுகளையும் கிழித்தேன். முடிவை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன், அதுதான் இப்போது வழக்கம் என்றேன்.

வடிவம்மாள் கிரைண்டரை நிறுத்தினார்.

"அவங்க கையில தள்ளிவிட்டுட்டு நீங்க போயிருவீங்களாக்கும்? ஞானசிகாமணியும் அதத்தான செஞ்சாரு! என்னயக் கேக்காம என்னய யாருக்கும் கைமாத்தாதீங்க. அவங்க வீட்டுல உக்காந்து எனக்கு முடிவு யோசிக்க வேண்டாம். திங்கக்கிழமை காலையில இங்க வரச் சொல்லுங்க."

5

ஆகவே இந்தக் கதையின் முடிவை உங்களுக்குத் தர எனக்கு உரிமை இல்லை. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை. மீரா கோர்ட்டில் இருக்கிறார். கடை வாசலில் வடிவம்மாள், சொரிமுத்து, அஜிதா. தன் கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ரெனியும் வந்துவிட்டார். கடைசியில் நான். ஐந்து பேர் நின்றால் சந்து அடைபடாது. இடம் நிறைய இருக்கிறது.

ராகேஷ் பூட்டோடு சந்துக்குள் நுழைந்துவிட்டான். கூட நாலு தடியன்கள்.

நீங்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.