படகுக்காரர் விருந்து

மூச்சு விடாமல் செய்ய வேண்டும் என்று அவாதிஃப் சொல்லியிருந்தாள். வெங்காயத்தின் உள்தோல் அவ்வளவு மெல்லியது. யாராவது பெருமூச்சு விட்டால் போதும், கண்ணாடிச் சில்லிலிருந்து எழும்பிப் பக்கத்துப் பையனின் சட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அவள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, கன்னங்களை உப்ப வைத்து, முகம் சிவக்க நின்றார்கள். லோஜின் மட்டும்தான் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டே வேலையை முடித்தாள். நாலாம் வகுப்பு முடித்த பெண். நுண்ணோக்கிக்குக் கண் எட்டாமல் நாற்காலியில் மண்டியிட்டுப் பார்த்தாள். பார்த்தவள் தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "மிஸ், இவ்ளோ அறை இருக்கே, எல்லாத்துலயும் ஆளு இருக்கா?"

அவாதிஃபுக்குச் சிரிப்பு வந்தது. "ஒவ்வொண்ணுலயும் ஒரு கருப் புள்ளி தெரியுதா? அதான் வீட்டுக்காரர்."

"ஒரே ஒருத்தரா? பாவம்."

வெங்காயத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாணவியை இத்தனை வருஷத்தில் அவாதிஃப் கண்டதில்லை. கல்லூரிப் பெண்கள் தேர்வுக்கு வருமா என்று கேட்பார்களே தவிர, உள்ளே இருப்பவரைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. கோடையில் பல்கலைக்கழகம் காலியாகிவிடும். பேராசிரியர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அப்போது பள்ளிப் பிள்ளைகளை அழைத்து ஆய்வகங்களைத் திறந்துவிடும் இந்தத் திட்டத்துக்கு ஆள் சிக்காமல் துறைத்தலைவர் அல்லாடுவார். போன வருஷம்வரை அவாதிஃபும் தலைவலி, முழங்கால் வலி என்று சொல்லி நழுவியவள்தான். இந்த முறை கேட்பதற்கு முன்பே பெயரைக் கொடுத்தாள். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார்.

காரணம், அவள் தங்கை ஸமீஹா. கல்யாணமே வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால், ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டு முடி நரைத்தவர்கள். போன குளிர்காலத்தில் அந்த ஸமீஹா அலெக்சாந்திரியாவில் மருந்துக் கடை வைத்திருக்கும், மனைவியை இழந்த ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "ஐம்பத்து மூணு வயசுல உனக்கு எதுக்குடி புருஷன்?" என்று அவாதிஃப் கேட்டதற்கு, "உன்கூடச் சண்டை போட்டு அலுத்துப் போச்சுக்கா, அவர்கூடப் போட்டுப் பாக்குறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே பெட்டியை அடுக்கினாள். அவாதிஃபும் சிரித்தாள். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில்தான் அந்த வீட்டுக்கு எத்தனை சுவர்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜும்மா தொழுகை முடிந்ததும் படிக்கட்டு முழுக்க மற்றவர்கள் வீட்டு மொலோகியாக் கீரை வாசனையும் பூண்டு தாளிக்கும் ஓசையும் ஏறி வரும். மாடிக்கு மாடி மகன்களும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் செருப்பை உதறிவிட்டு உள்ளே போவார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்பாள். தனக்காக மட்டும் அடுப்பைப் பற்ற வைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகளை வாயிலில் கொண்டுபோய் விடும்போது தாய்மார்கள் வெயிலில் கைப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். லோஜினின் அம்மா ரீஹாம் அதில் பெரிய குரல்காரி. தினமும் ஒரே பாட்டு: "டாக்டரம்மா, வாங்க, இன்னைக்குச் சாப்பாடு நம்ம வீட்டுலதான்!" அவாதிஃபும் மாறாமல் நெஞ்சில் கை வைத்து, "உங்க வீடு என்னைக்கும் நிறைஞ்சிருக்கணும், இன்னொரு நாள் வர்றேன்" என்பாள். இதில் இரண்டு பேருக்கும் குழப்பம் கிடையாது. நைல் நதியில் போகும் படகுக்காரர்கள் சாப்பிட உட்காரும்போது கரையில் நிற்பவனைப் பார்த்து, வாங்க சாப்பிடலாம் என்று கூவுவார்கள். அவன் நீந்தியா வரப்போகிறான்? கையசைத்து வாழ்த்திவிட்டு நடப்பான். அவர்கள் ஊரான மன்சூராவில் இப்படி அழைப்பதற்குப் படகுக்காரர் விருந்து என்றே பெயர். அழைத்தவருக்குச் செலவில்லை, அழைக்கப்பட்டவருக்கு மனக்குறை இல்லை.

உண்மையான அழைப்பு வேறு மாதிரி இருக்கும். என்ன சமையல் என்று சொல்வார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள், மறுத்தால் ஆண்டவன் மேல் ஆணையிடுவார்கள். அவாதிஃபுக்கு இதெல்லாம் அத்துப்படி. பிறந்து வளர்ந்த ஊர்.

கடைசி நாளன்று பிள்ளைகளுக்குக் கருப்பு அட்டையில் தொப்பி செய்து மாட்டி, பட்டம் வாங்குவதுபோல் மேடையேற்றினார்கள். தாய்மார்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். எல்லாம் முடிந்ததும் லோஜின் வந்து அவாதிஃபின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தொப்பியின் முனை குத்தியது. அவாதிஃப் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாளையிலிருந்து யாரிடம் பேசுவது? அடுத்த வகுப்பு தொடங்க இலையுதிர்காலம் வந்தாக வேண்டும். அதுவரை காய்கறிக்காரனிடம் விலை கேட்பதும் அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் போனும்தான் பேச்சு.

"டாக்டரம்மா, இனிமே உங்களை எங்க பாக்குறது!" என்று ரீஹாம் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "அதெல்லாம் முடியாது, வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றீங்க. வாத்து சமைக்கிறேன்."

"வீடு நிறைஞ்சிருக்கட்டும்மா, இன்னொரு நாள்..."

"நபிமேல ஆணையா, வரணும்! வீடு தெரியுமில்ல, பெரிய ரொட்டிக்கடைக்கு மேல மூணாவது மாடி."

வாத்து சொல்லியாகிவிட்டது. ஆணையும் ஆகிவிட்டது. நேரம் மட்டும் வரவில்லை. ரீஹாம் அதற்குள் வேறொரு தாயிடம் திரும்பிவிட்டாள். அவாதிஃப் கையை நெஞ்சில் வைத்து அந்தப் பழைய வாழ்த்தைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஜும்மா முடிஞ்சதும் வந்துருங்க மிஸ்," என்றாள் லோஜின்.

விட்டுப்போன நேரத்தைச் சொன்னவள் ஒரு குழந்தை என்பது அவாதிஃபுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வாத்து சமைக்கிறவர்கள் தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். வயிற்றில் இடம் வேண்டும். ஸமீஹா விட்டுவிட்டுப் போன ஊதா முக்காட்டை இஸ்திரி போட்டாள். இனிப்புக் கடையில் க்ரீம் கேக் பெட்டியை ரிப்பன் கட்டி வாங்கினாள். கடைக்காரர், "விருந்தாளி வர்றாங்களா டாக்டர்?" என்று கேட்டார். "இல்ல, நான்தான் விருந்துக்குப் போறேன்," என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாடி ஏறும்போது முழங்கால் வலித்ததுகூட வலியாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது ரீஹாம். வெளியே கிளம்புகிற உடை. ஒரு காதில் தோடு, இன்னொன்று கையில். பின்னால் அவள் கணவன் ஹாத்திம் காலணி மாட்டி, கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். வீட்டில் எந்த வாசனையும் இல்லை. அடுப்படி இருட்டாக இருந்தது. ரீஹாமின் முகம் கண்சிமிட்டும் நேரத்துக்கு வெறுமையாகி, அடுத்த நொடியே மலர்ந்தது. மலர்ந்ததில் கொஞ்சம் அதிகம் மலர்ந்துவிட்டது.

"டாக்டரம்மா! வீட்டுக்கே வெளிச்சம் வந்துருச்சு! வாங்க, வாங்க! ஹாத்திம், உங்கம்மாவுக்குப் போன் போடு, நாம வரலன்னு சொல்லு. கீழ போய் ரெண்டு கோழி சுட்டதா வாங்கிட்டு வா."

"அம்மா காலையிலேர்ந்து அடுப்படியில நிக்குதுடி," என்றான் ஹாத்திம் மெதுவாக. பிறகு அவாதிஃபைப் பார்த்து, "வாங்க டாக்டர், உங்க வீடு மாதிரி," என்றான்.

உள்ளேயிருந்து லோஜின் ஒற்றைக் காலுறையோடு ஓடி வந்தாள். "நான் சொன்னேன்ல! மிஸ் வருவாங்கன்னு நான் சொன்னேன்ல! அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றதுதான், வரமாட்டாங்கன்னு நீதானம்மா சொன்னே!"

ரீஹாமின் கழுத்து சிவந்தது. தோடு கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. அதைத் தேடக் கிடைத்ததே பெரிய காரியம் என்று ஹாத்திம் குனிந்துகொண்டான்.

அவாதிஃபுக்குப் படியில் உருண்டு விழுந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் வாய் தன்பாட்டுக்குச் சிரித்தது. "சாப்பிடவா? யாரு வந்தா சாப்பிட? என் வீட்டுல தங்கச்சி, மச்சினர் எல்லாம் அலெக்சாந்திரியாவிலேர்ந்து வந்து காத்துக்கிட்டு இருக்காங்க. வெங்காயத்தை ஒழுங்கா உரிச்சது எங்க லோஜின் மட்டும்தான், அதுக்குப் பரிசு குடுக்கலாம்னு எட்டிப் பார்த்தேன். கீழ டாக்ஸி நிக்குது."

"ஆண்டவன் மேல ஆணையா, ஒரு டீயாவது..."

"இன்னொரு நாள் ரீஹாம். உங்க வீடு நிறைஞ்சிருக்கட்டும்."

ரீஹாம் அவளை இறுக அணைத்துக்கொண்டாள். அந்த இறுக்கத்தில் மன்னிப்பும் இருந்தது, ஆறுதலும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவாதிஃப் ஆராயவில்லை. ரிப்பன் கட்டிய பெட்டியைச் சின்னக் கைகளில் கொடுத்தாள். லோஜின் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள், நுண்ணோக்கியில் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"அப்போ எப்ப வருவீங்க மிஸ்?"

"வருவேன், வருவேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கினாள்.

கீழே டாக்ஸி ஏது? ஜும்மா முடிந்த தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அவர்கள் இப்போது காரெடுக்க இறங்கி வருவார்கள். கண்ணில் பட்டால் இன்னொரு பொய்யைத் தேட வேண்டும். எதிரே கரும்புச்சாறுக் கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. சாய்த்து வைத்த கரும்புக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கல்லூரி முழுக்க எழுந்து நின்று வணக்கம் சொல்லும் டாக்டர் அவாதிஃப், திருடிவிட்டு வந்தவளைப்போல் கரும்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள். அழுகை வந்தது. கடைக்காரர் பார்க்காத மாதிரி எந்திரத்தை ஓடவிட்டு, நுரை ததும்பும் குவளையை நீட்டினார். "குடிங்கம்மா, வெயில் சாஸ்தி." வெறும் வயிற்றில் அந்தக் குளிர்ச்சி நேராக இறங்கியது.

வெள்ளைக் கார் சந்திலிருந்து வெளியே வந்தது. முன்னால் ஹாத்திம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ரீஹாம் கண்ணாடியைப் பார்த்து இரண்டாவது தோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் மடியில் பெட்டியோடு லோஜின். அவள் கண்கள் தெருவைத் தாண்டி, கரும்புக் கட்டுகளைத் தாண்டி, ஊதா முக்காட்டில் வந்து நின்றன. அவாதிஃப் தலையை அசைத்தாள், வேண்டாம், சொல்லாதே என்று. குழந்தை ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கார் நகர்ந்தது. பிறகு அவள் சட்டென்று எழுந்து இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவில் தலையை நுழைப்பது பின்கண்ணாடி வழியே தெரிந்தது.

அவாதிஃப் குவளையோடு அப்படியே நின்றாள். தெருக்கோடி வருவதற்கு முன்பே காரின் வேகம் குறைந்து, பின்விளக்குகள் இரண்டும் சிவந்தன.