பழைய மேண்டலின், புதுக் குரல்

பழுதுக்குப் போன மேண்டலின் திரும்பி வந்த அன்றே மாஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஹோட்டல் கூடத்தில், பிடில்காரர் ஒருவரோடு சேர்ந்து மாலை வேளைகளில் மேண்டலின் வாசிப்பவர் அவர். வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள் தேய்ந்துபோயிருந்ததால், மனைவியின் தம்பியிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தார். வாத்தியங்களைப் பழுது பார்ப்பதுதான் மச்சானுக்குத் தொழில்.

மெட்டுகள் சரியாகத்தான் இருந்தன. குரல்தான் சரியில்லை.

அவருடைய மேண்டலின் மீட்டியவுடன் பேசிவிடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பேசும். இப்போதோ விரல் பட்டதும் முந்திக்கொண்டு கத்தியது. கழுத்தைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் உரசி உரசிப் பாலிஷ் போன இடம் அப்படியே இருந்தது. கை இது நம்முடையது என்றது. காது இல்லவே இல்லை என்றது.

'கழுத்தை விட்டுவிட்டு, குரல் பிறக்கும் மேல்பலகையை மட்டும் மாற்றியிருப்பானோ?'

பழைய பலகைக்கு இப்போது ஆட்கள் அலைகிறார்கள் என்று போன மாதம் மச்சானே சொல்லியிருந்தான். போதாக்குறைக்கு, இரண்டு நாளைக்கு முன் சமையலறையில் மனைவி போனில் கிசுகிசுத்ததும் நினைவுக்கு வந்தது. "அவருக்குத் தெரிய வேணாம் தம்பி, தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவாரு."

மறுநாள் வாத்தியக் கடையிலிருந்து புது மேண்டலின் ஒன்றை இரவல் வாங்கி வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். புதியதில் வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. கழுத்து உள்ளங்கையில் பிசுபிசுத்தது. மெட்டுகளின் ஓரம் விரலைக் கீறியது. ஆனால் கீச்சென்று ஒலிக்கும் மேல் கம்பிகளை மீட்டினால் இரண்டும் ஒரே குரலில் கத்தின. புதியதையும் பழையதையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தார்.

வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், கதவைத் திறக்காமலேயே கேட்டார். "இப்ப ரெண்டு தடவை வாசிச்சேன்ல, அதுல எது நம்மளுது?"

"ரெண்டாவது."

"எப்படி அவ்வளவு சட்டுனு சொல்றே?"

"இத்தனை வருஷமா கேக்கறேன், தெரியாதா?"

தனக்கே வித்தியாசம் தெரியவில்லை, இவளுக்கு எப்படித் தெரிந்தது? சரிதான், எதை மாற்றினார்கள் என்று தெரிந்ததால்தான் சொல்கிறாள்; அக்காளும் தம்பியும் கூட்டு என்று முடிவு கட்டினார்.

மேண்டலினைத் தூக்கிக்கொண்டு நேராக மச்சானின் பட்டறைக்குப் போனார். மச்சான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான். மேசை ஓரத்தில் துணிக்கு அடியில் பழுப்பேறிய மரப்பலகை ஒன்று எட்டிப் பார்த்தது. மாஸ்டர் துணியை இழுத்தெறிந்தார்.

"இது என்னடா?"

"கிட்டார் பலகை, அத்தான்."

"யாருக்குக் காது குத்தறே? என் பலகைதானே இது?"

மச்சான் பலகையை எடுத்து மேண்டலின்மேல் வைத்தான். அது நாலு பக்கமும் மூன்று விரல் அகலம் வெளியே நின்றது. மாஸ்டருக்கு முகம் வெளிறியது. ஆனாலும் விடவில்லை.

"அப்போ குரல் எப்படி மாறிச்சு? உங்கக்கா போன்ல எதை மறைக்கச் சொன்னா?"

மச்சான் கைகளைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தான். மேண்டலினின் பழைய குதிரையை, கம்பிகளைத் தாங்கி நிற்கும் அந்தச் சின்ன மரத்துண்டை, எடுத்து அவர் கையில் வைத்தான்.

"குதிரையை மாத்தினேன். கம்பியும் வேற, பளிச்சுனு கேக்கறது. அக்காதான் செய்யச் சொன்னா."

"எதுக்கு?"

"உங்களுக்கு மேல் கம்பி சரியா கேக்கலை, அத்தான்."

பலகையைத் திருடியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாலு ஏச்சு ஏசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது யாரை ஏசுவது?

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பி போன் செய்துவிட்டான் போலிருக்கிறது.

"கம்பியை அடிக்கற அடியில, மீட்டற பிக்கை ஒண்ணொண்ணா உடைச்சுத் தள்ளறீங்க. மாஸ்டருக்கு எம்மேல என்ன கோபம், இந்த அடி அடிக்கறாரேன்னு பிடில்காரர் கேட்டாரு. நான் என்ன பதில் சொல்றது? டாக்டர்கிட்ட போலாம்னா எரிஞ்சு விழறீங்க. அதான் வாத்தியத்தையாவது சரி பண்ணலாம்னு பார்த்தேன்."

"எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே! உங்களுக்குத்தான் கேக்கலையே!"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் அவளை முறைத்தார். பிறகு முறைக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே நின்று, கண் கலங்கியது. அவள் மேண்டலினை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு காதிலும் கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன் குறைந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். அவருடைய மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மாஸ்டர் விசாரித்தார். வேறொரு டாக்டரின் மெஷினும் அதையே சொன்னபிறகுதான், காதுக்குள் வைக்கும் கருவிக்கு ஒப்புக்கொண்டார்.

கருவி கைக்கு வந்ததும் மேண்டலினையும் பழைய குதிரையையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"திருடன்கிட்டயே மறுபடியும் வேலை குடுக்கறீங்களே, அத்தான்," என்றான் மச்சான், தலையை நிமிர்த்தாமல்.

"மனசுல வெச்சுக்காதடா."

"வெச்சுப்பேன். கொஞ்ச நாளைக்கு." ஆனால் கை கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்திருந்தது.

அன்று மாலை ஹோட்டலில் வாசித்தபோது, மேண்டலின் பழையபடி செருமிக்கொண்டு பேசியது. கூடவே, பிக் கம்பியில் உரசுவதும், கோப்பைக்குள் கரண்டி சுற்றுவதும், யாரோ நாற்காலியை இழுப்பதும் எல்லாமாகச் சேர்ந்து காதுக்குள் கூட்டம் போட்டன. மூன்றாவது பாட்டில், பிடில்காரர் மேல் ஸ்வரங்களைச் சுருதியில் ஒரு நூல் குறைவாகப் பிடிப்பது கேட்டது. இன்று மட்டும்தானா, இல்லை இத்தனை நாளாகவே இப்படித்தானா?

மாஸ்டர் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தபடியே வாசித்து முடித்தார்.