டிக் போட்ட கட்டம்

எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். எட்டு வயதிலிருந்து அதே வேலை. "எங்க போடணும் தாயி?" என்பார் அப்பா. நான் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்க்கிற வழக்கம் இருவருக்குமே கிடையாது. அமெரிக்காவின் ஃபிரெஸ்னோவில், மெக்சிகோவிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

கல்லூரியில் சிக்கானோ, அதாவது எங்களைப் போன்ற மெக்சிகோ வம்சாவளியினரின், பண்பாட்டுப் பாடத்தில் சேர்ந்தேன். நாம் யாரென்று தெரிந்துகொள்ள ஒரு பாடமா என்று அம்மா கிண்டலடித்தாள். வீட்டில் ஒருவரின் கதையைப் பதிவுசெய்து வரச் சொன்னார்கள். தன் கதையைப் பற்றிப் பத்தொன்பது வருஷம் வாய் திறக்காத அப்பா, திராட்சை பறித்த கையைக்கூடக் கழுவாமல் இரண்டு மணி நேரம் பேசினார். தன் முழுப்பெயர், எல்லையைத் தாண்டிய இடம், பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் செத்துப்போன தம்பி இலாரியோ, எல்லாம் வந்தது. நான் அழுதேன். பதிவோடு தரவேண்டிய அனுமதிப் படிவத்தில் வழக்கம்போல் டிக் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்தில் குடியேற்ற அதிகாரிகள் நுழைந்து ஒன்பது பேரைக் கொண்டுபோனார்கள். இந்த நாட்டில் இருப்பதற்கு அப்பாவிடமும் எந்தத் தாளும் இல்லை. அன்றுதான் படிவத்தின் நகலைப் படித்தேன். நான் டிக் போட்டிருந்த கட்டம் சொன்னது: இந்தப் பதிவைக் கல்லூரி நூலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பெற்ற அப்பாவை நானே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

கல்லூரிக்கு ஓடினேன். அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியை ஒகரான்சாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே பதிவைப் பூட்டிவைத்தார். இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், யாரென்று தெரியாது என்றார். ஒரு புதுப் படிவமும் கொடுத்தார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முழுசாப் படி. ஒரு வரி விடாத."

படித்தேன். பதிவை அழித்துவிடலாம், இல்லையென்றால் வேண்டாத பெயரை மட்டும் எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம்.

"அழிச்சா இலாரியோவும் போயிருவான்ல?"

"ஆமாப்பா."

"அவனுக்குக் கல்லறைகூட இல்ல தாயி. அவன் பேரு இருக்கற ஒரே இடம் அதுதான். என் பேரை எடுத்துரு. அவனை விட்டுரு."

"சித்தப்பா பேரை வெச்சு உங்களைத் தேடி வந்துட்டா?"

அவர் பேனாவை எடுத்தார். நான் விரல் வைக்காமலேயே கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தன் பெயரை எழுத ஆரம்பித்தார். வாசலில் ஏதோ வண்டி வந்து நின்றது. பேனா பாதியில் நின்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி கிளம்பிப் போன பிறகு மீதிப் பெயரை எழுதி முடித்தார்.