இரண்டு மெயின் சுவிச்

இராகுலன் அர்ஷாக்கின் சேட்டுக் கொலரைப் பிடித்து அவனைப் பந்தல் காலோடு மோதினான். மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணி ஒருமுறை தொய்ந்து நிமிர்ந்தது. பறை நின்றது. உள்ளே பிரேதத்தைச் சுற்றியிருந்து அழுத பெண்களுக்கு வெளியே நடப்பது தெரியவில்லை. அவர்கள் அழுதுகொண்டேயிருந்தார்கள்.

"சாக்காட்டிப் போட்டியேடா! என்ர அத்தானைச் சாக்காட்டிப் போட்டு, செத்தவீட்டுக்கு மாலையும் கொண்டு வாறியோ?"

இரண்டாவது தடவை மோதியபோது அர்ஷாக்கின் உதடு பிளந்தது. மாலை நிலத்தில் கிடந்தது. அவன் கையைத் தூக்கவேயில்லை.

"வாள்ட கைபிடி ரப்பர் கிழிஞ்சிதான் இருந்திச்சு" என்றான். "ஒட்டுற ரேப் சுத்திக் குடுத்தன். என்ர பிழைதான். அடிங்க."

செத்தவரின் தம்பி யுகேந்திரன் பந்தலின் மறுபக்கத்தில், ஒரு கன்னம் மழித்து மறுகன்னத்தில் சவர்க்கார நுரையோடு கதிரையில் இருந்தான். அண்ணன் கதிரவேலுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். ஆகவே கொள்ளி வைக்கவேண்டியவன் தம்பி. அடி விழுவதை அவன் பார்த்தான். விழுகிற ஒவ்வொரு அடியும் யாருக்குரியது என்பது அந்த வளவுக்குள் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் மனைவி லோஜனாவுக்கும் தெரியும். அவள் தன் வீட்டு வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அசையாதே என்கிற பார்வை.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அது ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. தகப்பன் கட்டிய ஒரு வீட்டை நாலு வருஷத்துக்கு முன் பலகைத் தடுப்பு அடித்து இரண்டாக்கினார்கள். அண்ணன் பக்கமாக ஒரு அடுக்குப் பலகை, தம்பி பக்கமாக ஒரு அடுக்கு, நடுவே நாலு விரல் இடைவெளி. இரண்டு வாசல், இரண்டு குசினி, இரண்டு மீற்றர், இரண்டு மெயின் சுவிச். சண்டை வந்தது யுகேந்திரன் டைனமைட் போட்டு மீன் பிடிக்கப் போனதால். அது கதிரவேலுக்குத் தெரியவந்தபோது தம்பி கரையில் வள்ளத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். கதிரவேல் ஒரு வார்த்தை பேசாமல் துடுப்பால் முகத்தில் அடித்தார். இரண்டு பல் போயிற்று. கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பல் போனதைவிட அவர்கள் பார்த்ததுதான் யுகேந்திரனுக்கு நாலு வருஷமாக வலித்தது.

அன்றுமுதல் கதைப்பேச்சு இல்லை. கதைக்காமலிருப்பதை அந்த இரண்டு பேரும் ஒரு தொழில்போல ஒழுங்காகச் செய்தார்கள். கிணற்று வாளியை வைத்த இடத்தில் வைக்கச் சொல்லவேண்டுமென்றால் பூனைக்குச் சொல்வார்கள். பூனைக்கு அந்த வீட்டுச் சங்கதி எல்லாம் தெரியும்.

நேற்றுக் காலை காற்றுப் பலமாக இருந்ததால் யுகேந்திரன் கடலுக்குப் போகவில்லை. தேத்தண்ணியோடு முன்னறைக் கதிரையில் இருந்தான். தடுப்பைக் கறையான் தின்றுவிட்டது, அண்ணன் அதை வெட்டி எடுத்துப்போட்டுக் கல்லால் சுவர் வைக்கப்போகிறார் என்று லோஜனா முதல்நாளே சொல்லியிருந்தாள். பலகை போய்க் கல் வருகிறது என்பதில் யுகேந்திரனுக்கு ஆத்திரம் மூண்டது. அவனே வேண்டாமென்று ஒதுக்கிய மனிதர் தன்னை இன்னும் கெட்டியாக ஒதுக்குகிறார் என்ற ஆத்திரம். மனம் அப்படித்தான், கணக்கு வழக்கில்லாதது.

பலகை அறுக்கிற வாளைக் கொண்டுவந்தவன் அடுத்த வளவு அர்ஷாக். பழைய பைபர் வள்ளங்களை வெட்டிப் பிரிக்கிறவன். அவனிடம் ஒரு கரண்டு வாள் இருந்தது. முன்னால் கத்திபோல நீட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாகக் குத்தி அறுக்கிற வாள். அவன் கதிரவேலுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"ரெண்டு கையாலயும் பிடிங்கண்ணன். முன் கை இந்த ரப்பரிலதான் இருக்கணும். இரும்பில கை போகப்படாது. முன்னுக்கு இருக்கிற இந்தத் தட்ட, பலகையோட நல்லா அழுத்திப்போட்டுத்தான் விசைய அமத்தணும், இல்லாட்டி உதறும். பிளேட் மாத்தக்குள்ள பிளக்கக் கழட்டிப்போட்டு மாத்துங்க. வயர் உங்கட முதுகுக்குப் பின்னால கிடக்கட்டும்."

"ஓமோம்."

"தடுப்புக்குள்ள கரண்ட் வயர் ஏதும் போகுதா?"

"என்ர பக்கத்து வயர் ஒண்டும் இல்லை. எண்டாலும் மெயினை இறக்கிப்போட்டன். அதுதானே உன்ர வீட்டில இருந்து கரண்ட் கேட்டனான்."

அவ்வளவு கவனமான மனிதர். தன் வீட்டு மின்சாரம் முழுவதையும் நிறுத்திவிட்டு, வேலிக்கு மேலால் நீள வயர் இழுத்துப் பக்கத்துவீட்டுக் கரண்டில் வாளை ஓட்டினார்.

ஆனால் தடுப்புக்குள் ஒரு வயர் இருந்தது. யுகேந்திரனின் மீற்றரிலிருந்து பின்பக்கம் மீன் வைக்கிற பிறீசருக்குப் போகிற வயர். தடுப்பு அடித்த அன்று, கடைசிப் பலகையை மூடுவதற்கு முன், அவன் அதை இடைவெளிக்குள் சும்மா போட்டுவிட்டான். ஆணிகூட அடிக்கவில்லை. கதைப்பேச்சில்லாத அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சைப் பழைய பிறீசர் அடிக்கடி விழுத்தியதால், போன வருஷம் அந்த ட்ரிப் சுவிச்சையும் தாண்டி நேரே இழுத்திருந்தான்.

ஒரு சொல் போதும். "அண்ணை, நில்லுங்கோ." அல்லது பூனைக்காவது சொல்லியிருக்கலாம். அல்லது எழுந்துபோய்த் தன் மெயின் சுவிச்சை இறக்கியிருக்கலாம். எட்டுக் காலடித் தூரம். வாள் உறுமத் தொடங்கியது. பலகை அதிர்ந்தது. யுகேந்திரன் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தான். ஒருக்கா பிடிக்கட்டும், என்று நினைத்தான். துடுப்பால அடிச்ச கைதானே. ஒருக்கா சுள்ளெண்டு பிடிச்சால்தான் தெரியும்.

சாகவேண்டுமென்று அவன் நினைக்கவில்லை. இதை அவன் நேற்றிலிருந்து தனக்குத்தானே நூறு தரம் சொல்லிவிட்டான். ஒருதரம்கூட அது ஆறுதலாக இருக்கவில்லை.

வாளின் சத்தம் மாறியது. பிறகு ஏதோ பாரமானது விழுந்தது. அண்ணி புஸ்பராணி கத்திய கத்தல் வீதி முழுக்கக் கேட்டது. வாள் வயரில் பட்ட நேரம் வியர்த்த கை ரேப் சுற்றிய ரப்பரிலிருந்து வழுக்கி இரும்புக்குப் போயிருக்கிறது, வெறுங்கால் சீமெந்தில் இருந்திருக்கிறது. யுகேந்திரன் ஓடிப்போய்த் தன் மெயினை இறக்கினான். அதே நேரத்தில் வேலிக்கு அப்பால் அர்ஷாக்கும் பிளக்கைப் பிடுங்கினான். கதிரவேல் அதற்குள் முடிந்துபோனார்.

அதன்பிறகு யுகேந்திரன் செய்ததுதான் பெரிய பாவம். அந்தப் பக்கம் அண்ணி மார்பில் அடித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவன் வயரைக் கழற்றி மூன்று இழுவையில் தடுப்புக்குள்ளிருந்து உருவி எடுத்தான். உருவும்போது லோஜனா பார்த்தாள். பொலிஸ் வந்து வெட்டிய ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே கறையான் புற்றுத்தான் இருந்தது. வாளின் கிழிந்த ரப்பரைப் படமெடுத்துக்கொண்டு வாளையும் கொண்டுபோனார்கள். அர்ஷாக்கின் வாள்தான் ஆளைக் கொன்றது என்று ஊர் முடிவுகட்டியது. அர்ஷாக்கும் அப்படியே நம்பினான்.

இப்போது இராகுலன் அவனைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தான். புஸ்பராணியின் தம்பி அவன். இறக்கக்கண்டியில் கரைவலை இழுத்து இறுகிய உடம்பு. இரண்டு கிழவர்கள் "விடு மச்சான், விடு" என்று வாயால் மட்டும் தடுத்தார்கள். கேற்றடியில் நின்ற நாலைந்து பேர் கைபேசியைத் தூக்கிப் படமெடுத்தார்கள். அதிலொருவன் "உவங்களுக்கு இது காணாது" என்று சொன்னது யுகேந்திரனுக்குக் கேட்டது. உவன் என்று ஒருவனை அல்ல, உவங்கள் என்று முஸ்லிம்கள் எல்லோரையும். அந்த ஒரு சொல்லோடு விஷயம் ஒரு வாளிலிருந்து ஒரு தெருவுக்குப் போய்விடும் என்பது இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். பின்னேரத்துக்குள் அர்ஷாக்கின் வீட்டுக் கூரை இருக்குமோ தெரியாது.

அர்ஷாக்கின் மனைவி நஜ்முன் நிஸா ஓடிவந்து புருஷனுக்கு மேலே விழுந்தாள். "அடிக்காதீங்க! அவர் நேத்தையிலருந்து ஒரு சோறும் தின்னல்ல! அல்லாவே, விடுங்க!"

இராகுலன் இரும்புக் கதிரை ஒன்றை மடித்துத் தூக்கினான்.

யுகேந்திரன் எழுந்தான். சண்டைப் பக்கம் போகாமல் தன் வீட்டுக்குள் போனான். பயத்தில் ஓடுகிறான் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். லோஜனா வாசலை மறித்தாள்.

"வாயைத் திறக்காதேங்கோ. ரெண்டு பிள்ளையள் இருக்கு. உங்களைக் கும்பிட்டன்."

"தள்ளு."

"அவன்தானே ஓமெண்டு ஏத்துக்கொண்டான்!"

அவளுடைய முகத்தில் அவன் அறைந்தான். கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் அறை. அதுவும் அவளுக்கு விழவேண்டிய அறை இல்லை. மீன்பெட்டிக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த வயரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கதிரை கீழே இறங்குவதற்கு முன் வயரை அவர்கள் நடுவே எறிந்தான்.

"என்ர வயர்" என்றான். "தடுப்புக்குள்ள போனது. அண்ணன் தன்ர மெயினைத்தான் இறக்கினவர். என்ரதை நான் இறக்கேல்லை."

இராகுலனுக்கு உடனே விளங்கவில்லை. வயரைக் குனிந்து பார்த்தான். ஒரு இடத்தில் வாளின் பல் பட்டுக் கிழிந்து செம்பு வெளியே தெரிந்தது. சுற்றிவரக் கறுத்திருந்தது. அர்ஷாக் எழுந்து முழங்காலில் இருந்தபடி அதை எடுத்து, வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினான். அவனுக்கு உடனே விளங்கியது. அவன் வாய் கோணி, அழத் தொடங்கினான். அடி விழும்போது அழாதவன்.

கதிரை இறங்கியது. யுகேந்திரனின் தோளில் முதலில், பிறகு முகத்தில். மூக்குக்குள் ஏதோ நொறுங்கிய சத்தம் அவனுக்கே கேட்டது. அவன் விழுந்தான். நுரையோடு இருந்த கன்னம் மண்ணில் தேய்ந்தது. உதை விழுந்தது, இன்னொன்று விழுந்தது. இந்த முறை கிழவர்கள் வாயாலும் தடுக்கவில்லை. அர்ஷாக் பார்த்துக்கொண்டிருந்தான், விலக்குப் பிடிக்கவில்லை. யுகேந்திரனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"நிப்பாட்டு."

புஸ்பராணி படியில் நின்றாள். தலை விரிந்து கிடந்தது. அழுது அழுது குரல் ஆம்பிளைக் குரல்போலத் தடித்துப் போயிருந்தது. அவள் இறங்கிவந்து வயரைப் பார்த்தாள். பிறகு மைத்துனனைப் பார்த்தாள்.

"வாள் போட்ட சத்தம் கேட்டதோ?"

"கேட்டது அண்ணி."

"வயர் போகுதோ எண்டு அர்ஷாக் கேட்டது?"

"அதும் கேட்டது."

"பிறகேன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நம்பத்தான் அவளும் காத்திருந்தாள்.

"ஒருக்கா பிடிக்கட்டும் எண்டு நினைச்சனான்" என்றான்.

பந்தலுக்குள் இருந்தவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேற்றடியில் தூக்கியிருந்த கைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"இவன் கொள்ளி வைக்க ஏலாது அக்கா" என்றான் இராகுலன். மூச்சு வாங்கியது. "தொடவும் விடன். நான் வைக்கிறன்."

"இல்லை. இவர்தான் வைக்கவேணும்." புஸ்பராணி கண்ணை எடுக்கவில்லை. "நாலு வருஷமா அந்த முகத்தைப் பாராமல் திரிஞ்சவர். இண்டைக்குக் கிட்ட நிண்டு பாக்கட்டும். வாய்க்கரிசி போட்டு, தோளில தூக்கி, நெருப்பு வைச்சு, எரியிறதையும் பாக்கட்டும். பொலிசுக்கு அதுக்குப் பிறகு போகலாம்."

அவள் படியேறினாள். பாதியில் திரும்பினாள்.

"அர்ஷாக்குக்கு ஆராவது தண்ணி குடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

யுகேந்திரனை யாரும் தூக்கிவிடவில்லை. அவனாக எழுந்து, கிணற்றடிக்குப் போய், மிச்சக் கன்னத்தையும் தானே மழித்துக்கொண்டான். வாளி வாளியாக ஊற்றியும் மூக்கு இரத்தம் நிற்கவில்லை. கட்டிய வேட்டியை மூன்று தரம் மாற்றவேண்டியிருந்தது. பிரேதத்துக்கு வாய்க்கரிசி போடக் குனிந்தபோது நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணனை அருகில் பார்த்தான். மீசை முழுக்க நரைத்திருந்தது. நரைத்தது அவனுக்குத் தெரியாது.

சுடலை கடலுக்குக் கிட்ட. மூன்று மணி வெயிலில் காற்று மண்ணை அள்ளி எறிந்தது. விறகில் கதிரவேலைக் கிடத்தி, நெஞ்சுக்கு மேல் விறகை அடுக்கினார்கள். தண்ணீர் நிறைந்த மண்குடத்தை யுகேந்திரனின் இடது தோளில் ஏற்றினார்கள். கொள்ளிக்கட்டையைப் பின்னால் பிடிக்கக் கொடுத்தார்கள். குடத்தோடு சிதையை மூன்று சுற்றுச் சுற்றவேண்டும். சுற்றுக்கு ஒருதரம், பின்னால் வருகிறவர் குடத்தில் கத்தியால் கொத்தி ஓட்டை போடவேண்டும்.

கிரியை செய்ய வந்தவர் கத்தியை எடுத்தார். இராகுலன் முன்னால் வந்து கையை நீட்டினான். அவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு புஸ்பராணியின் வீட்டு ஆட்களைப் பார்த்தார். ஒருவரும் மறிக்காததால் கொடுத்துவிட்டார்.

முதல் சுற்றில் கத்தி குடத்தில் பட்டது. தண்ணீர் பீறி யுகேந்திரனின் முதுகில் வழிந்தது. இரண்டாவது சுற்றில் இன்னும் கீழே பட்டது, தோளுக்கு ஒரு சாண் இடைவெளியும் இல்லை. இராகுலனின் மூச்சு பிடரியில் சுட்டது.

மூன்றாவது சுற்று முடிந்து யுகேந்திரன் தலைமாட்டில் நின்றான். கத்தி விழவில்லை. யுகேந்திரன் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சரித்துக் கழுத்தை அசையாமல் கொடுத்துக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்துக் கத்தி குடத்தில் விழுந்தது. தண்ணீர் கொட்டிக் காலடி மண் நனைந்தது.