தண்ணீர் ஒட்டாத தகடு

அண்ணன் காலிலிருந்து எடுத்த தகட்டைக் கழுவி, ஒரு டப்பாவில் போட்டு டாக்டர் என்னிடம் கொடுத்தார். உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்துகிற அந்தத் தகட்டுக்குப் பூச்சு போட்டவள் நான். தண்ணீர் விட்டால் ஒட்டாமல் உருண்டு ஓடும். தண்ணீர் ஒட்டாத இடத்தில் கிருமியும் எளிதில் ஒட்டாது என்று எங்கள் கம்பெனியே பீற்றிக்கொண்டு திரிந்தது. அண்ணன் காலோ சீழ் பிடித்து வீங்கிக் கிடந்தது.

"இன்னிக்கே வேற தகடு வைக்கிறோம். இதுவும் சீழ் பிடிச்சா காலையே எடுக்க வேண்டியிருக்கும்மா."

குழாயடியில் அந்தத் தகட்டின்மேல் ஒரு சொட்டு விட்டேன். சண்டாளத் தண்ணீர், சப்பென்று படர்ந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் மேலெல்லாம் கீறல். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கருவி கழுவும் அறைக்குப் போனேன்.

கழுவுகிற அக்கா கையில் பிரஷ். அதன் அடியில் அண்ணனுக்கு வைக்கவிருந்த புதுத் தகடு, அதுவும் நான் பூச்சு போட்டதுதான்.

"என்னக்கா பண்றீங்க?"

"எண்ணெய்ப் பிசுக்கும்மா. தண்ணி நிக்காம முத்து முத்தா உருளுது. பரவுற வரைக்கும் தேய்க்கணும், அதுதான் இங்க சுத்தம். போன தடவையும் இப்படித்தான், தேய்ச்சுத் தேய்ச்சு என் தோள்பட்டையே விட்டுப்போச்சு. இப்ப பாரு, நல்லா பரவுது."

தேய்த்தால் பூச்சே போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கழுவும் அறைகளில் இதுதான் வழக்கம் என்பது எங்கள் மேனேஜருக்குத் தெரியும். போனில் பிடித்தேன்.

"தேய்க்கக் கூடாதுன்னு ஏன் சார் இவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா பயந்துக்கிட்டு வாங்க மாட்டாங்கம்மா. எதுக்கு வம்புன்னு விட்டுட்டோம்."

"வம்பா? உங்க வீட்டுக் காலா இருந்தா இப்படி வாயை மூடிக்கிட்டு இருப்பீங்களா?"

"கத்தாதம்மா. இருக்கிற தகட்டையே வைக்கட்டும். வெளிய தெரிஞ்சா கம்பெனி மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டும் சார்."

டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவர் என்னை முறைத்தார். பூச்சில்லாத சாதாரணத் தகட்டை எடுத்துவரச் சொன்னார்.

அண்ணனைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். அந்த வலியிலும் பக்கத்துக் கட்டில்காரரிடம் தங்கச்சி பெருமை அளந்துகொண்டிருந்தான்.

"இந்தத் தடவை வேற தகடுண்ணா. நான் பூசினது இல்ல."

அவன் முகம் சிவந்துவிட்டது. "ஏன், டாக்டருக்கு உன்மேல நம்பிக்கை இல்லையாமா? உன்னோடதையே போடச் சொல்லு. இல்லேன்னா நான் உள்ள போக மாட்டேன்."

வண்டியைத் தள்ளியதும் வார்டு கதவு நிலையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.